எதிர்க் கம்பெனிக்கும் சேர்த்து எழுதிய நிரல்

பணி அனுபவம் எழுத உட்காருகிறவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. ஆனாலும் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தவன் அந்த அறைக் கணக்கில் கிழவன்தான். அடுத்த வாரம் சென்னையில் வேறு வேலைக்குச் சேருகிறேன். "புதுப் பசங்களுக்கு எதையாச்சும் எழுதி வச்சிட்டு போ, இல்லன்னா உன் ரிலீவிங் லெட்டர் என் டிராயர்லயே தூங்கும்" என்று மேடம் சொல்லிவிட்டார். நாளைக்கு உங்களையும் இப்படித்தான் மிரட்டுவார். பழகிக்கொள்ளுங்கள்.

நிரல் எழுதுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எழுதியதை வெளியே கொடுத்தால் என்னவெல்லாம் வாசலில் வந்து நிற்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது அந்த அறையில் இரண்டே பேர். ஒருவர் மேடம். வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். "அங்க டாக்டருங்க கையெழுத்து, இங்க முதலாளி மனசு. ரெண்டையும் படிக்க முடியாது" என்பார். இன்னொருவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். எங்கள் ஊர் மாதனூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரிடமும் "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று சொல்லுவார். உள்ளே நான் என்ன செய்கிறேன் என்று அவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வெளிநாட்டில் சிலர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருளை நாங்கள் வைத்திருந்தோம். அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பிக் கொடுக்கலாம். சட்டைக்கான துண்டுகளைத் துணி வீணாகாமல் அடுக்கிக் காட்டுவது அதன் வேலை. துணி நேராக இருக்கும். மாடு அப்படி இல்லை. மாட்டுக்கு வயிறு உண்டு, கழுத்து உண்டு, முள்கம்பியில் உரசிக்கொண்ட தழும்பு உண்டு. ஷூவின் முன்பக்கத் துண்டை வயிற்றுத் தோலில் வெட்டினால் போட்டவர் நாலு தடவை நடப்பதற்குள் ஷூ கொட்டாவி விடும். அதனால் தோலுக்கு ஏற்றமாதிரி நானும் மேடமும் ஒரு பகுதியை எழுதி அதோடு சேர்த்திருந்தோம். நன்றாகவே ஓடியது.

ஒரே ஒரு பேஜார். அவர்கள் புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் நாங்கள் ஒட்டிய பகுதி பிய்த்துக்கொள்ளும். மறுபடி ஒட்டி முடிப்பதற்குள் கட்டிங் பிரிவு கத்தத் தொடங்கும். மூன்றாவது முறை அப்படி ஆனபோது முதலாளி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு விளம்பரத் தாள். சாஃப்ட்வேர் விற்கிற சென்னை ஏஜென்ட் கொடுத்தது.

"இன்னொரு வாட்டி உடைஞ்சா இந்தப் பெட்டி சாஃப்ட்வேரை வாங்கிடுவேன். அப்பறம் இந்த ரூமை ஸ்டோருக்கு கொட்த்துடுவேன். நீங்க ரெண்டு பேரும் பேக்கிங்ல போய் நில்லுங்க. அங்க எதுவும் உடையாது."

ஆக, எங்கள் அறையே அந்தரத்தில் நின்றது. தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது. நாங்கள் எழுதியதை அந்த வெளிநாட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட வேண்டும். அவர்கள் மென்பொருளுக்குள்ளேயே அது போய்விட்டால், புதுப் பதிப்பு வரும்போது உடையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பும் ஆகிவிடும். ஆனால் கம்பெனி சம்பளத்தில் எழுதிய நிரல் கம்பெனியின் சொத்து. முதலாளி கையெழுத்துப் போடாமல் ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது. இதை மட்டும் மனதில் நன்றாகப் பதிய வையுங்கள். ராத்திரி வீட்டிலிருந்து அனுப்பிவிட்டுக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆள் உங்களில் ஒருவராவது இருப்பார்.

மேடம் விஷயத்தைச் சொன்னதும் முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சும்மாவே கொடுக்கறதா? உலகத்துக்கே?"

"ஆமா முதலாளி."

"ரோட்டுக்கு எதிர்ல இருக்கானே, அவனும் எடுத்துக்கலாமா?"

எதிர்ப்பக்கத்து ஷூ கம்பெனிக்காரரைத்தான் சொன்னார். இருவருக்கும் தூரத்து உறவு. அதனால் போட்டி ஜாஸ்தி.

"எடுத்துக்கலாம்" என்றேன் நான். உண்மையைச் சொல்லியே பழகிவிட்டவன். மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"எடுத்துக்கட்டும் முதலாளி" என்று அவர் தொடர்ந்தார். "ஆனா இந்த சாஃப்ட்வேரைத் தொறந்தா மொதல்ல ஒரு பக்கம் வரும். யார் யார் எழுதிக் குடுத்தாங்கன்னு பேர் போடுவாங்க. நம்ம கம்பெனி பேர் அதுல வரும். அவர் தெனம் காலையில மிஷினைப் போட்டதும் மொதல்ல நம்ம பேரைப் படிச்சிட்டுதான் மத்த வேலை பார்க்கணும்."

முதலாளி தாடியைத் தடவினார். முகம் மெதுவாக மலர்ந்தது.

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு."

"எழுத்து எவ்ளோ பெருசா வரும்?"

அன்றே கையெழுத்து கிடைத்தது.

அனுப்புவதற்கு முன் நிரலைச் சுத்தம் செய்தோம். நாமே படித்துக்கொள்ள நடுநடுவே எழுதிவைக்கும் குறிப்புகள் இருக்கிறதே, அதில்தான் ஆபத்து. மேடம் வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"ஏசப்பா! இது இன்னாடா? 'இங்க கை வைக்காதே, முதலாளி கேட்டது, ஏன்னு அவருக்கே தெரியாது.'"

"அது நமக்குள்ள மேடம்."

"இனிமே நமக்குள்ளன்னு ஒண்ணு கிடையாது. எடு."

எடுத்தேன். கட்டிங் மேஸ்திரியைப் பற்றி எழுதியிருந்த ஒன்றை மட்டும் இருவருமே கவனிக்கவில்லை. அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த மென்பொருளின் வாசலில் ஒரு மனிதர் இருந்தார். யார் எதைக் கொடுத்தாலும் அவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். முகம் தெரியாது, மின்னஞ்சல் மட்டும்தான். மேடம் அவருக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார். அவரிடமிருந்து பதில் வந்தது. நடுவில் இருக்கும் அந்தப் புரியாத வரிக்கு என்ன அர்த்தம் என்று முதலில் கேட்டிருந்தார். "கவனமாகக் கையாளவும்" என்று எழுதினேன். மேஸ்திரியைத் தெரிந்தவர்கள் அது பொய் இல்லை என்பார்கள்.

அடுத்ததுதான் இடி. உங்கள் கூட்டலே தப்பு, ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார். நாங்கள் அனுப்பிய மாதிரியில் 12.3-ஐயும் 1.1-ஐயும் கூட்டினால் 13.4 வராமல் 14 என்று வருகிறதாம்.

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். "பதினாலுதானே?" என்றார்.

எங்களுக்குப் பதினாலுதான். நம் பக்கத்தில் தோலை அளந்ததும் பின்புறத்தில் சதுர அடியை எழுதுவார்கள். 12 என்று போட்டு அதன் தலையில் சின்னதாக 3 என்று போட்டால் பன்னிரண்டே முக்கால். ஒன்று என்றால் கால், இரண்டு என்றால் அரை. கீபோர்டில் எண்ணின் தலையில் எண்ணை ஏற்ற முடியாது. அதனால் புள்ளி வைத்து 12.3 என்று அடித்துப் பழகிவிட்டோம். பன்னிரண்டே முக்காலும் ஒன்றேகாலும் பதினாலு. தோல் ஷெட்டில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். புள்ளிக்குப் பின்னால் நான்கு என்ற எண்ணே எங்கள் கணக்கில் கிடையாது. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நாங்கள் நம்பியிருந்ததுதான் வேடிக்கை.

நீளமாக விளக்கி எழுதினேன். வாட்ச்மேன் சுருக்கமாகப் பதில் போட்டார். நிரலுக்குள் எண்கள் எல்லாருக்கும் புரிகிறபடிதான் இருக்க வேண்டும். உங்கள் ஊர் வழக்கத்துக்கு வாசலில் ஒரு தனித் துண்டு நிரல் எழுதுங்கள், வருகிற அளவை அது மாற்றி உள்ளே அனுப்பட்டும். இரண்டையும் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கோபம் வந்தாலும் அவர் சொன்னது நியாயம் என்று இரண்டாவது டீயில் புரிந்தது. அப்படியே இரண்டாகப் பிரித்து எழுதினோம். முதலாளியிடம் மறுபடி கையெழுத்துக்குப் போனோம்.

இதற்குள் முதலாளி ஒரு நிக்காஹ் விருந்தில் எதிர்க் கம்பெனிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரன் என் பேரைப் போட்டுவிட்டான் என்று சொல்லியே விட்டிருந்தார். அப்போது இன்னும் போடவில்லை. அதனால் அவருக்கு அவசரம். ஆனால் அந்தச் சின்னத் துண்டைப் பற்றிச் சொன்னதும் கண் விரிந்தது.

"இது இல்லன்னா நம்ம ஊர்ல யாருக்கும் ஒதவாதா?"

"ஒதவாது முதலாளி" என்றார் மேடம். "அளவு கம்மியா காட்டும்."

"அதான் எனக்கு வேணும். பெருசைக் குடு. சின்னதை நம்மகிட்டயே வச்சிக்கோ."

"முதலாளி, ரெண்டும் சேர்ந்துதான்..."

"பேர் வந்துடுமில்ல?"

"வந்துடும்."

"அவன் படிப்பானில்ல?"

"படிப்பார்."

"அப்பறம் இன்னாம்மா?"

பெரியதை மட்டும் கொடுத்தோம். அதில் கூட்டல் சரியாக வந்ததால் வாட்ச்மேன் ஏற்றுக்கொண்டார். பெயர் வந்தது. முதலாளி அந்தப் பக்கத்தை அச்செடுத்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்து உட்காரும் சாம்பிள் அறையில் மாட்டினார். புதுப் பதிப்பு வந்தது, எதுவும் உடையவில்லை. எங்கள் அறை பிழைத்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, எதிர்க் கம்பெனி முதலாளி எங்கள் கேட்டுக்குள் நுழைந்தார். கக்கத்தில் சுருட்டிய தோல். நேராக எங்கள் முதலாளி அறைக்குப் போய் மேசைமேல் விரித்தார். ஏதோ பிரிண்ட் கொடுக்கப் போயிருந்த நான் மூலையில் மாட்டிக்கொண்டேன்.

"பாய், இதுல இன்னா எழுதியிருக்கு?"

எங்கள் முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பன்னெண்டே முக்கா."

"உங்க சாஃப்ட்வேர் இன்னா சொல்லுது தெரியுமா? பன்னெண்டே கால்னு சொல்லுது, இல்ல அதுக்குக் கொஞ்சம் மேல. ஒவ்வொரு தோலும் சுருங்கிப்போச்சு. சரக்கு போட்ட ராணிப்பேட்டைக்காரன் ஏமாத்திட்டான்னு லாரியைத் திருப்பிட்டேன். அவன் நேரா வந்து என் எதிர்லயே ஒவ்வொண்ணா அளந்து காட்டுறான் பாய். எல்லாம் கரெக்டா இருக்கு. மூஞ்சியை எங்க வச்சிக்கறது?"

எங்கள் முதலாளி உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க பாய்!"

"நான் எங்க சிரிக்கறேன்? அது ஃப்ரீ சாமான். உன்னை எடுக்கச் சொன்னனா?"

"மொதப் பக்கத்துல யார் பேர் இருக்கு? என் பேரா? நேத்து பையர் ஏஜென்ட் என்னைக் கேட்டாரு, ஏன்யா உன் அளவு இப்பிடி இருக்குன்னு. பாய் கம்பெனி கணக்கு இதுன்னு சொல்லிட்டேன். பொய்யா சொன்னேன்?"

தோள் குலுங்குவது நின்றது.

தோல் தொழிலில் ஒருவனைத் திருடன் என்று சொன்னால்கூட டீ குடித்துச் சமாதானம் ஆகிவிடலாம். அளவு சரியில்லை என்று பெயர் வந்துவிட்டால் ஆர்டர் போய்விடும். இரண்டு கம்பெனிக்கும் ஒரே பையர். அன்று மதியமே அவருடைய ஏஜென்ட் போன் செய்தார். சனிக்கிழமை வருகிறேன், உங்கள் அளவுக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சீசன் ஆர்டரைப் பற்றிப் பேசுவேன் என்றார்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சத்தம் கட்டிங் பிரிவு வரை கேட்டது.

"மொதல்ல அந்தப் பேரை எடு! அந்த வெள்ளைக்காரனுக்கு எழுது. எங்களுக்கும் இதுக்கும் சம்மந்தமில்லைன்னு எழுது. அப்பறம் அந்த மெட்ராஸ் ஏஜென்டைக் கூப்புடு. ரூமைக் காலி பண்ணுங்க."

சின்னத் துண்டை மறைக்கச் சொன்னது நீங்கள்தானே என்று மேடம் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். கத்துகிறவரிடம் யார் தப்பு என்று நிரூபித்தால் நமக்கு ஜெயம் கிடைக்கும், அறை கிடைக்காது.

"பேரை எடுத்துடலாம் முதலாளி" என்றேன். "ஆனா ஏற்கெனவே எடுத்துட்டுப் போனவங்ககிட்ட பழசு அப்படியே இருக்கும். அதுல நம்ம பேரும் இருக்கும். இப்ப எடுத்தா, மாட்டிக்கிட்டதும் ஓடிட்டான்னுதான் ஏஜென்ட் நெனைப்பார்."

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"அந்தச் சின்னத் துண்டையும் குடுத்துடலாம்."

"குடுத்தா அவன் ஜம்முனு பொழைப்பான்டா!"

"அவர் பொழைக்கறதை அப்பறம் பார்த்துக்கலாம் முதலாளி. ஏஜென்ட் சனிக்கிழமை வர்றார்."

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். "இவன் பேக்கிங்குக்கு லாயக்கில்ல, ரொம்ப பேசறான்" என்றார். பிறகு பேனாவைத் தேடினார்.

அன்றே அனுப்பினோம். எங்கள் ஊரில் தோலை இப்படித்தான் எழுதுவோம், இந்தத் துண்டு இல்லாமல் யாரும் பயன்படுத்தாதீர்கள் என்று எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதினோம். வாட்ச்மேன் உடனே பதில் போட்டார். சரி, ஆனால் உங்கள் கம்பெனி இல்லாத இன்னோர் இடத்தில் யாராவது ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அது எங்கள் வழக்கம்.

இன்னோர் இடம். கால் அரை முக்கால் கணக்கில் தோல் அளக்கிற, இதே மென்பொருள் வைத்திருக்கிற இன்னோர் இடம். மேடம் ஜன்னல் வழியாக ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார்.

"நீ போ" என்றார். "நான் போனா பெரிய சண்டையா தெரியும். உன்னைப் பார்த்தா யாருக்கும் அடிக்கத் தோணாது."

எதிர்க் கம்பெனி கேட்டில் காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "உன்னை உள்ள வுட்டா நாளைக்கு நான் வெளிய நிப்பேன் தம்பி" என்றார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "வுடச் சொல்றாரு. டீ மட்டும் குடுக்க வேணாமாம்."

அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன் என் வயதுப் பையன். அரக்கோணத்துக்காரன். மானிட்டரின் மேல் பாதியில் ஒரு சின்னத் தோல் துண்டு டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இது இன்னா?"

"உங்க பேர் வர்ற எடம். மறைக்கச் சொன்னாரு. வேலை நடக்குது, பேர் தெரியல. எல்லாருக்கும் சந்தோசம்."

இருவரும் உட்கார்ந்து எங்கள் துண்டு நிரலைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தோம். ராணிப்பேட்டைத் தோல் எல்லாம் பழையபடி தன் அளவுக்கு விரிந்தது. அவன் வாட்ச்மேனுக்குத் தன் கம்பெனி பெயரிலேயே, சரியாக இருக்கிறது என்று எழுதினான். எழுதுவதற்கு முன் தன் முதலாளியிடம் போய்க் கையெழுத்து வாங்கினான். அதைப் பார்த்ததும் எனக்கு அவனைப் பிடித்துப்போனது. டீயும் வந்தது. அவன் சொந்தக் கணக்கில்.

சனிக்கிழமை ஏஜென்ட் வந்தார். எங்கள் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு தோலை எடுத்து அளக்கச் சொன்னார். அதே தோலை எதிர்ப்பக்கம் தூக்கிப்போய் அங்கேயும் அளக்கச் சொன்னார். இரண்டு அச்சுத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "ரெண்டு கம்பெனிக்கும் ஒரே கணக்கு வர்றதை இப்பதான் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆர்டரைப் பற்றிப் பேச உட்கார்ந்தார். எங்கள் அறையை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. சென்னை ஏஜென்டை யாரும் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் மேடம் பஸ் ஏறும்போது, "எதையாச்சும் குடுக்கறதுன்னா முழுசா குடுத்துடணும் தம்பி. பாதி குடுத்தா மீதிப் பாதிக்கும் நம்மளைத்தான் கேக்கறாங்க" என்றார். அறையில் ஒட்டிவைக்க வேண்டிய வாக்கியம் என்றேன். ஒட்டினால் கிழிப்பேன் என்றார்.

இதற்குச் சில மாதம் கழித்து முதலாளிக்குப் பெண்கள் செருப்பு ஆர்டர் ஒன்று வந்தது. ஆட்டுத்தோல் வேலை. எங்கள் நிரல் மாட்டை மனதில் வைத்து எழுதியது. ஆட்டுத்தோலைக் கொடுத்தால் கன்றுக்குட்டி என்று நினைத்துக் குழம்பும். முதலாளி எங்களைக் கூப்பிட்டு, ஆட்டுத்தோலுக்கு மாற்ற எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். குரலிலேயே ஒரு கெஞ்சல். ஆர்டருக்குத் தேதி நெருக்கம்.

"ஆயிடுச்சு முதலாளி" என்றேன்.

"ஆயிடுச்சா? எப்ப பண்ண?"

"நான் பண்ணல. எதிர்க் கம்பெனிப் பையன் பண்ணான். அவங்களுக்கு ஆட்டுத்தோல் வேலைதான் ஜாஸ்தி. எழுதி அந்த வெள்ளைக்காரர்கிட்ட குடுத்துட்டான். போன வாரம் வந்த புதுப் பதிப்புல நமக்கும் வந்துடுச்சு."

முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப அவன் சம்பளம் குடுக்கறான், எனக்கு வேலை நடக்குது! அல்லாவே! அவன் சம்பளம் குடுக்கறான்..."

மேடமும் சிரித்தார். நானும் சிரித்தேன். திடீரென்று முதலாளி நிறுத்தினார். ஜன்னல் பக்கம் திரும்பி ரோட்டுக்கு எதிரே இருந்த கட்டடத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மாட்டுத்தோலுக்கு நாம எழுதுனோமே, அதுக்கு அவனும் இதையே சொல்லித்தான் சிரிச்சிக்கினு இருப்பான், இல்ல?"

"ஆமா முதலாளி" என்றேன்.

இந்த முறை மேடம் என் காலை மிதிக்கவில்லை.